சாமத்திய வீடு காணாத பிள்ளை

முல்லைத்தீவின் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்ப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டால் அந்தச் செய்தி பொழுதுபடுவதற்குள் ஊரைச் சுற்றிவிடும். தாய் முதலில் தகவல் சொல்வது தன் அண்ணன் தம்பிமாருக்கு. மாமிமார் வந்து தண்ணி வார்ப்பார்கள். உழுத்தம்மாக் களி, நல்லெண்ணெய், முட்டை, கத்தரிக்காய் என்று பிள்ளையின் சாப்பாடே மாறிப்போகும். பிறகு நாள் பார்த்து, பாலறுகு வைத்து, ஆரத்தி எடுப்பார்கள். சேலை உடுத்திய பிள்ளையை ஊர் முழுக்க வந்து பார்க்கும். கடற்றொழில் படுத்துக் கிடக்கும் வருடத்திலும் வட்டிக்கு வாங்கியாவது சாமத்திய வீட்டைச் செய்துவிடுவார்கள்.

இதை ஆடம்பரம் என்று கண்டிப்பவர்கள் உண்டு. அந்த விவாதம் இந்த உரைக்கு வேண்டியதில்லை. அந்தச் சடங்கு ஊருக்கு என்ன சொல்கிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களுக்கு முன் பதிவாளர் ஒரு பத்திரத்தில் 'பெண்' என்று எழுதினார். அவர் எழுதியது சரிதான் என்று இப்போது உடம்பே சாட்சி சொல்லிவிட்டது. அந்தச் சாட்சியத்தை ஊரறிய ஏற்றுக்கொள்வதுதான் சாமத்தியச் சடங்கு. சில வீடுகளில் சாத்திரியார் அந்த நேரத்தை வைத்து ருது சாதகமும் கணித்துக் கொடுப்பார். ஆண்பிள்ளைக்கு இப்படி விழா எதுவும் இல்லை. குரல் உடைவதையும் மீசை அரும்புவதையும் பார்த்து ஊர் தன் கணக்கில் குறித்துக்கொள்ளும்.

அந்தச் சாட்சியைச் சொல்லாத உடம்புகளும் இருக்கின்றன. பெண் என்று எழுதப்பட்ட பிள்ளை பதினைந்து வயதாகியும் பெரியபிள்ளையாவதில்லை. இன்னொரு பிள்ளைக்குப் பதின்மூன்று வயதில் குரல் தடித்து, தோள் அகன்று, உடம்பு ஆணின் வழியில் போகிறது. ஆண் என்று எழுதப்பட்ட பிள்ளைக்கு மார்பு வளர்கிறது. அப்போது ஊர் என்ன செய்கிறது? முதலில் கேள்வி வரும்: "இன்னும் ஆகேல்லையோ?" தாயிடம் குசினியில் கேட்பார்கள், கோயில் வீதியில் கேட்பார்கள், கிணற்றடியில் கேட்பார்கள். பிள்ளையின் காதில் விழும்படியும் கேட்பார்கள். அதன் பிறகு கேள்வி நின்று சந்தேகம் தொடங்கும். இந்த உரை பேச வந்தது அந்தச் சந்தேகத்தைப் பற்றியே. பத்திரமும் உடம்பும் முரண்படும்போது சமூகம் பத்திரத்தைச் சந்தேகிப்பதில்லை, அதை எழுதிய கையையும் சந்தேகிப்பதில்லை. அந்தப் பிள்ளை எதையோ மறைத்துவிட்டது என்றுதான் முடிவுகட்டுகிறது.

தமிழர்களுக்குத் தெரிந்த பெரிய உதாரணம் புதுக்கோட்டையில் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைக் கூலிகளின் மகளாகப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். பிறந்தது 1981இல். தலித் குடும்பம், வீட்டில் வறுமை. ஓடக் கற்றுக்கொடுத்து முதற் சப்பாத்தை வாங்கிக் கொடுத்தவர் அவருடைய தாத்தா. 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீற்றரில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டு விழாவில் அதே தூரத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மறுபடி வெள்ளி வென்றார். சில நாட்களில் அவரைப் பரிசோதித்தார்கள். வைத்தியர்கள் ஆராய்ந்த அறிக்கை ஒன்று எழுதப்பட்டது. 'பாற் பரிசோதனையில் தோற்றார்' என்ற வாசகம் தொலைக்காட்சிகளில் ஓடியது. பதக்கம் பறிக்கப்பட்டது.

தோற்றார் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் தோற்கலாம், பரீட்சையில் தோற்கலாம். ஒருவர் தன் உடம்பில் எப்படித் தோற்பார்? ஊக்கமருந்து எடுத்தவர் தெரிந்தே ஒரு விதியை மீறுகிறார். சாந்தி எதையும் உட்கொள்ளவில்லை, எதையும் மறைக்கவில்லை. அவர் பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள், பெண்ணாக வளர்த்தார்கள், பெண்ணாகவே அவர் தன்னை அறிந்திருந்தார். இருந்தும் ஊக்கமருந்துக்காரரைப் பற்றி எழுதும் அதே மொழியில் அவரைப் பற்றி எழுதினார்கள். வைத்திய அறிக்கை முறையாக வெளியிடப்படவே இல்லை. ஆனால் அவர் பூப்பெய்தாதவர் என்பது முதற்கொண்டு பத்திரிகைகளில் அச்சேறியது. ஒரு கிராமத்துப் பெண் தாயிடம்கூடச் சொல்லத் தயங்கும் விடயம், பல நாடுகளின் காலைப் பத்திரிகைகளில் செய்தியானது.

அன்றைய தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி பதக்கம் பறிபோன பிறகும் 15 இலட்சம் ரூபாய் பரிசை அவரிடமே கொடுத்தார். அரசியலில் அவரைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும், அந்த நேரத்தில் அது பெரிய செயல். சாந்தி அந்தப் பணத்தில் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். ஆனால் ஊரின் கண் மாறிவிட்டது. 2007இல் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். 2012இல் பெற்றோர் வேலை செய்த மாதிரியான செங்கற்சூளையில் நாளுக்கு 200 ரூபாய் கூலிக்குக் கல் சுமந்துகொண்டிருந்தார். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 2016இல் தமிழக அரசு அவரை நிரந்தரப் பயிற்சியாளராக நியமித்தது.

அதே டோஹா விழாவில் 4×400 மீற்றர் தொடரோட்டத்தில் தங்கம் வென்ற இந்திய அணியில் மேற்கு வங்கத்தின் பிங்கி பிரமாணிக்கும் இருந்தார். 2012இல் ஒரு பெண் செய்த முறைப்பாட்டின் பேரில், அவர் ஆண் என்று குற்றஞ்சாட்டிக் கைதுசெய்தார்கள். ஆண் பொலிசார் அவரைப் பிடித்திழுத்துக்கொண்டு போன படங்கள் வெளிவந்தன. பரிசோதனையின்போது எடுத்த காணொளி கைத்தொலைபேசிகளில் பரவியது. 2014இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பரவிய காணொளியை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பி எடுக்க முடியாது.

ஒடிசாவின் நெசவாளர் வீட்டுப் பெண் டூட்டி சந்த் கதை வேறு திசையில் போயிற்று. 2014இல், உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று கூறி, பொதுநலவாய விளையாட்டு அணியிலிருந்து அவரை நீக்கினார்கள். மருந்து எடுத்து அளவைக் குறைக்க அவர் மறுத்தார். சுவிட்சர்லாந்தின் லொசானிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடினார். 2015 ஜூலையில் அந்த மன்றம் விதியையே நிறுத்திவைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் 100 மீற்றரிலும் 200 மீற்றரிலும் வெள்ளி வென்றார். சாந்திக்கும் டூட்டிக்கும் இடையில் எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில் மனித உடம்பு மாறிவிடவில்லை. டூட்டியின் பக்கத்தில் சட்டம் தெரிந்தவர்கள் நின்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண்கள் போட்டியில் யார் ஓடலாம் என்பது நியாயமான கேள்வி. டெஸ்டோஸ்டிரோன் தசைக்கும் வேகத்துக்கும் பலம் சேர்க்கிறது என்பதை மறுக்க முடியாது. மற்ற ஓட்டக்காரிகளின் உழைப்பும் மதிக்கப்பட வேண்டியது. உலகத் தடகள அமைப்பு 2025 செப்டெம்பர் 1 முதல், பெண்கள் பிரிவில் போட்டியிடுவோர் எஸ்ஆர்ஒய் என்ற பரம்பரை அலகுக்கான பரிசோதனையை ஒருமுறை செய்தாக வேண்டும் என்று விதித்திருக்கிறது. 1990இல் அந்த அலகைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த அண்ட்ரூ சிங்கிளேயர் அதை எதிர்த்து எழுதினார். அந்த அலகு இருக்கிறதா என்று மட்டுமே அந்தச் சோதனை சொல்லும், அது உடம்பில் எப்படி வேலை செய்தது என்று சொல்லாது என்பது அவருடைய வாதம். இந்த விவாதம் இன்னும் நெடுநாள் ஓடும். ஆனால் ஓடுதளத்தில் யார் நிற்கலாம் என்று தீர்மானிப்பது ஒன்று. ஒரு பெண்ணை ஏமாற்றுக்காரி என்று ஊருக்குக் காட்டுவது வேறொன்று. சாந்திக்கு நடந்தது இரண்டாவது.

விளையாட்டில் இல்லாத பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனையை ஊரே நடத்துகிறது. அதற்கு அறிக்கையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

உடம்பு ஏன் இப்படி நடந்துகொள்கிறது? கருவில் முதல் ஆறு வாரம் வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அமைப்புத்தான். பிறகு ஒய் நிறமூர்த்தத்திலுள்ள எஸ்ஆர்ஒய் அலகு தூண்டினால் விதைகள் உருவாகி, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். ஆனால் வெளியே தெரியும் ஆணுறுப்பைக் கட்டுவதற்கு அந்த ஓமோன் மட்டும் போதாது. ஒரு நொதியம் அதை இன்னும் வீரியமான வேறொரு ஓமோனாக மாற்ற வேண்டும். அந்த நொதியம் பிறவியிலேயே குறைவாக இருந்தால், உள்ளே விதைகள் இருந்தும் வெளித்தோற்றம் பெண்குழந்தையைப் போல இருக்கும். மருத்துவிச்சி பார்த்து 'பெண்' என்பார். அவர் பார்த்ததில் பிழை இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் டெஸ்டோஸ்டிரோன் வெள்ளமாகப் பெருகும்போது அதுவே குரலை உடைக்கும், தசையை வளர்க்கும், மறைந்திருந்ததை வெளிக்கொண்டுவரும்.

இன்னொரு வகையில் விதைகளும் இருக்கும், டெஸ்டோஸ்டிரோனும் தேவைக்கு மேல் சுரக்கும். ஆனால் உடம்பின் கலங்களுக்கு அந்த ஓமோனின் பேச்சுக் கேட்காது. உடம்பு முழுக்கப் பெண்ணாகவே வளரும். மார்பு வளரும், முகம் பெண்முகம், குரல் பெண்குரல். கருப்பை மட்டும் இராது. ஆகவே மாதவிடாய் வராது. ஒய் நிறமூர்த்தத்தோடு பிறக்கும் 20,000 முதல் 64,000 பேரில் ஒருவருக்கு இது நேர்கிறது. மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. எல்லா வகையிலும் பெண்ணாக இருந்தும் கருப்பை மட்டும் உருவாகாமல் பிறக்கும் பெண்கள், ஏறக்குறைய 5,000 பெண்களுக்கு ஒருவர். இவர்களுடைய நிறமூர்த்தத்திலும் ஓமோனிலும் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. ஆனாலும் ஊரின் கேள்வி இவர்களையும் அதே கூண்டில்தான் நிறுத்துகிறது.

களப்புத் தொழிலாளருக்கு இதில் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கொடுவா மீன் பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்ந்து, பல வருடம் வளர்ந்த பின் பெண்ணாகும். பெரிய கொடுவாவில் சினை கிடப்பது அதனால்தான். கலவாய் அதற்கு மறுபக்கம்: முதலில் பெண், பிறகு ஆண். மனிதர் மீன் அல்லர். மனித உடம்பு ஒரு பாலிலிருந்து இன்னொரு பாலுக்கு இப்படித் தாவுவதில்லை. பிறக்கும்போதே உள்ளே இருந்தது காலம் தாழ்த்தி வெளிப்படுகிறது. ஆனால் இயற்கை ஆண், பெண் என்ற கோட்டை எங்கேயும் அளவுகோல் வைத்துக் கீறவில்லை என்பதைக் கடலைப் பார்த்து வாழும் சனத்துக்கு வைத்தியர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதலில் சொன்ன நொதியக் குறைபாடு தாய் தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் அலகு ஒன்று சேர்ந்தால்தான் பிள்ளையில் தெரியும். சொந்தத்துக்குள், மச்சான் மச்சாள் முறையில் கலியாணம் செய்யும் சமூகங்களில் அப்படிச் சேர வாய்ப்புக் கூடுதல். ஓமோனுக்கு உடம்பு செவிகொடாத வகை பெரும்பாலும் தாய் வழியாக வரும். யாரும் விரும்பிக் கொடுப்பதில்லை. கிரக தோசமும் இல்லை, முன்வினையும் இல்லை, பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது தாய் எதையோ செய்துவிட்டாள் என்பதும் இல்லை.

உலகில் ஒரு கிராமம் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தது. கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கில் சலினாஸ் என்ற ஒதுங்கிய ஊர். அங்கே பெண்பிள்ளைகளாக வளர்க்கப்பட்ட சிலர் பருவ வயதில் ஆண் உடம்பு பெற்றார்கள். ஒரு தலைமுறையில் இல்லை, பல தலைமுறைகளாக. ஊர் அவர்களை 'குவேதோசே' என்றது. பன்னிரண்டில் விதை காண்பவர் என்பது அதன் பொருள். முதலில் பெண், பிறகு ஆண் என்று பொருள்படும் 'மாச்சியெம்ப்ரா' என்ற சொல்லும் வழங்கியது. அமெரிக்க வைத்திய ஆய்வாளர் ஜூலியன் இம்பராட்டோ மெக்கின்லி 1974இல் இவர்களைப் பற்றி அறிவியல் இதழில் எழுதி, நொதியக் குறைபாட்டை உலகுக்குக் காட்டினார். 1979இல் அவர் வெளியிட்ட ஆய்வில், பெண்ணாகவே வளர்க்கப்பட்ட 18 பேரில் 17 பேர் பருவ வயதிலோ அதன் பின்னரோ தம்மை ஆணாக உணர்ந்தார்கள், 16 பேர் ஆணாகவே வாழத் தொடங்கினார்கள். அவர்களுடைய உடம்பிலிருந்து படித்த பாடம்தான் பின்னாளில் புரஸ்டேட் வீக்கத்துக்கும் முடி உதிர்வுக்கும் கொடுக்கும் பினாஸ்டரைட் என்ற மருந்தானது. இன்றைக்கு மருந்துக்கடையில் அந்தக் குளிசையை வாங்கும் ஆண்களில் எத்தனை பேருக்கு அந்தக் கிராமத்துப் பிள்ளைகளைத் தெரியும்?

சலினாஸ் சொர்க்கம் அல்ல. அங்கேயும் கேலி இருந்தது, கூச்சம் இருந்தது. ஆனால் ஊருக்கு ஒரு சொல் தெரிந்திருந்தது. சொல் இருந்தால் அந்த நிலைமை முன்பும் நடந்திருக்கிறது, இனியும் நடக்கும், அதோடு ஒருவர் வாழலாம் என்று அர்த்தம். ஒரு பிள்ளையின் குரல் உடைந்த அன்று தாய் செத்துப்போகலாமா என்று யோசிக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக் கிழவிக்கு இன்னொரு பிள்ளை ஞாபகத்தில் இருக்கும்.

தமிழில் சொல் இல்லாமல் இல்லை. தொல்காப்பியம் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரை எடுத்துப் பேசி, அதை உயர்திணையில் வைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியின் நன்னூல், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பும் பேட்டை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவதைப் பெண்பாலாகவும் கொள்ளச் சொன்னது. அந்த இலக்கண ஆசிரியர் உறுப்பைக் கேட்கவில்லை, விருப்பத்தைக் கேட்டார். ஆனால் வழக்கில் பேடி என்பது கோழைக்குப் பெயரானது. அலி, பொட்டை, ஒன்பது என்பவை பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் எறியும் கல்லாயின. இப்போது ஊடுபால் என்ற சொல் வழக்குக்கு வந்திருக்கிறது. திருநங்கை, திருநம்பி என்பவை ஒருவர் தன்னை எப்படி உணர்கிறார் என்பதைச் சொல்லும் பெயர்கள். ஊடுபால் என்பது உடம்பின் அமைப்பைச் சொல்வது. இரண்டையும் குழப்பக் கூடாது. பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வாழ விரும்பும் ஊடுபால் பெண்ணைத் 'திருநங்கை' என்று அழைப்பது அவருக்கு ஒரு பெயரைக் கொடுப்பதுபோலக் காட்டி, அவருடைய பெயரைப் பறிப்பதாகும்.

கரூரில் அதுதான் நடந்தது. பொலிஸ் வேலைக்குத் தெரிவான ஒரு பெண்ணை வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்பி, அவர் பிறவியிலேயே மூன்றாம் பாலினர் என்று எழுதி, வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பில் அவருக்கு 'நங்கை' என்ற பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினர் உரிமைத் தீர்ப்பைக் கொடுத்தது 2014 ஏப்ரல் 15இல். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 17இல், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். நாகமுத்து, நங்கை தன்னைப் பெண் என்று சொல்கிறார், ஆகவே அவர் பெண்தான் என்று கூறி, நீக்கிய கட்டளையை இரத்துச் செய்தார். சாந்திக்கு அன்று யாராவது இப்படி ஒரு வரி சொல்லியிருந்தால் அவருடைய வாழ்க்கை வேறாகியிருக்கும்.

மதுரையிலிருந்து வந்தது இன்னும் பெரிய தீர்ப்பு. தூத்துக்குடித் தம்பதி ஒன்றின் திருமணப் பதிவு வழக்கில் 2019 ஏப்ரல் 22இல் மதுரைக் கிளை நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், திருநங்கையும் மணப்பெண்தான் என்று தீர்ப்பளித்தார். அதே தீர்ப்பில், ஊடுபாலாகப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பாலைத் 'திருத்தும்' சத்திரசிகிச்சை செய்வதைத் தடைசெய்யும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டார். தாய் தகப்பனின் சம்மதம் பிள்ளையின் சம்மதமாகாது என்பது அதன் அடிப்படை. மதுரையைச் சேர்ந்த ஊடுபால் செயற்பாட்டாளர் கோபி சங்கர் பல வருடமாக எழுதியும் பேசியும் வந்ததன் பயன் அது. 2019 ஓகஸ்டில் அரசாணை வந்தது: உயிருக்கு ஆபத்தில்லாதவரை குழந்தையின் மேல் கத்தி வைக்கக் கூடாது. உலகில் முதன்முதலில் இப்படிச் சட்டம் செய்த நாடு மால்டா, 2015இல். ஆசியாவில் அந்த வழியில் முன்னுக்கு வந்தது ஒரு தமிழ் மண்.

இலங்கையில் அப்படி ஒரு தடை இல்லை.

இங்கே பாற்பதிவு எவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறந்து 42 நாட்களுக்குள் பிள்ளையைப் பதிய வேண்டும். பத்திரத்தில் ஆண், பெண் என்ற இரண்டே இடம். தேசிய அடையாள அட்டையில் பால் தனியே எழுதப்படுவது போதாதென்று, இலக்கத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டிருக்கிறது. பிறந்த வருடத்துக்குப் பின் வரும் மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள். ஜனவரி 1இல் பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. அட்டை எடுப்பது பதினைந்து, பதினாறு வயதில், சாதாரண தரப் பரீட்சைக்கு முன். பெரியபிள்ளையாகாத பெண்பிள்ளையை வைத்தியரிடம் காட்ட வேண்டிய வயதும் அதே பதினைந்துதான். உடம்பு தன் முடிவைச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே மாதங்களில், அரசு ஐந்நூறைக் கூட்டி முத்திரை குத்திவிடுகிறது. பிறகு மாற்ற வேண்டுமென்றால் இலக்கமே மாற வேண்டும். வங்கிக் கணக்கு, சேமலாப நிதி, பரீட்சைச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம் எல்லாமே அந்த இலக்கத்தில் தொங்குகின்றன.

காணி என்றால் வன்னிச் சனத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசை மகனை மகளுக்கு முன்னால் வைத்திருந்தது; அதைத் திருத்த 2022 வரை ஆனது. தேசவழமைச் சட்டத்தின் கீழ் மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். ஒரு சின்னக் கட்டத்தில் இடும் 'ஆண்', 'பெண்' என்ற சொல் வயலுக்கும் வளவுக்கும் போய்ச் சேர்கிறது.

இந்த மண்ணில் பத்திரத்துக்கு இன்னொரு பாரமும் உண்டு. 1984 டிசம்பரில் கொக்கிளாய்ச் சனம் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டபோது தொடங்கி, 2009 வரை, வன்னியில் ஒவ்வொரு இடப்பெயர்விலும் அரிசிக்கு முன்னால் எடுத்தது பத்திரப் பையை. சோதனைச் சாவடியில் ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை. அட்டையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். அட்டையும் முகமும் ஒத்துப்போகாதவருக்கு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசைகளில் குரல் தடித்த ஒரு பெண்ணோ மீசை முளைக்காத ஓர் ஆணோ எப்படி நின்றிருப்பார் என்று நினைத்துப் பார்த்தால் போதும். தான் இன்னார் என்று ஒவ்வொரு சாவடியிலும் நிரூபிக்க வேண்டியிருந்த ஒரு சனம், இந்தப் பிள்ளைகளின் நிலைமையை மற்ற எவரையும்விட நன்றாக விளங்கிக்கொள்ள முடியும்.

2016இல் சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகம் திணைக்களமும் சுற்றறிக்கைகள் வெளியிட்டு, பாலின அங்கீகாரச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தன. அதைக் காட்டிப் பிறப்புப் பதிவில் பாலை மாற்றலாம். நல்ல முன்னேற்றம். பலர் அதனால் நிம்மதி அடைந்திருக்கிறார்கள். ஆனால் அது திருநங்கைகளையும் திருநம்பிகளையும் மனதில் வைத்துச் செய்தது. சான்றிதழில் ஒப்பமிடுபவர் மனநல வைத்திய நிபுணர். நொதியக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைக்கு மனதில் என்ன நோய்? மருத்துவிச்சியின் ஒரு கணப் பார்வையில் எழுதிய சொல்லைத் திருத்துவதற்கு, பிள்ளை ஏன் மனநலச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்க வேண்டும்? பிறந்த திகதியைப் பிழையாக எழுதினால் பிரதேச செயலகத்தில் திருத்த ஒரு வழி இருக்கிறது. பாலும் அப்படி, வைத்தியரின் கடிதத்தோடும் பிள்ளையின் விருப்பத்தோடும், சத்தமில்லாமல் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே முறையில் காணாமல் போகிறார்கள். முதலில் வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழும்புவதில்லை; குரலை யாரும் கேட்கக் கூடாது. பிறகு விளையாட்டுப் போட்டிக்கு வருவதில்லை. பிறகு வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் ஒரு நாள் அலுமாரிக்குள் போய்விடும். வரவுப் பதிவேட்டில் 'இடைவிலகல்' என்று ஒரு சொல் விழும். ஆண்பிள்ளைகளில் ஒரு சாராரும் இதே வழியில் போகிறார்கள். பருவ வயதில் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் மார்பில் கொஞ்சம் வீக்கம் வரும், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக அடங்கிவிடும். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இதை வகுப்பில் ஒரே ஒரு முறை சாதாரணமாகச் சொல்லிவிட்டால், மேற்சட்டையைக் கழற்றப் பயந்து ஒளித்துத் திரியும் பல பையன்கள் மைதானத்துக்குத் திரும்பி வருவார்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் தாமதமே கூடாது. பிறந்த குழந்தையின் உறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தெளிவாகச் சொல்ல முடியாவிட்டால், வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியின் கோளாறு காரணமாக இருந்தால், உடம்பு உப்பை இழந்து சில வாரங்களிலேயே குழந்தை இறந்துபோகலாம். மருந்து கொடுத்தால் முழு ஆயுளும் வாழும். அந்தக் குழந்தைக்கு உடனே தேவைப்படுவது மருந்து. சத்திரசிகிச்சைக்கு அவசரமில்லை.

மற்றதற்கெல்லாம் பொறுமை வேண்டும். பதின்மூன்று வயதாகியும் மார்பு வளரத் தொடங்காவிட்டால், பதினைந்து வயதாகியும் பெரியபிள்ளையாகாவிட்டால், குரலும் உடம்பும் எதிர்பாராத வழியில் போனால், கைபார்ப்பவரிடம் போகாமல் முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் அங்கேயும் போங்கள். வைத்தியர் சொல்வதைப் பிள்ளைக்கும் விளங்கும் மொழியில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை சம்மதிக்கும்வரை எந்தச் சத்திரசிகிச்சைக்கும் ஒப்பமிடாதீர்கள். வீட்டுக்கு வந்து "இன்னும் ஆகேல்லையோ?" என்று கேட்பவர்களுக்குத் தேநீர் கொடுத்து வேறு கதை கதையுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருந்தால், இன்றோடு அதை விட்டுவிடுங்கள்.